எட்டாம் எண்ணை எதிரணிக்குக் கொடுத்த நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கிளப்பின் தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

சிறுவனாக நம் கால்பந்து அகாடமிக்கு வந்து, கடந்த சீசனில் அணியின் துணைத் தலைவராக ஆடிய எட்டாம் எண் வீரரை, பட்டத்துக்காக ஆண்டுதோறும் நம்மோடு மல்லுக்கு நிற்கும் அணிக்கே விற்றுவிட்டீர்கள். அதை அறிவித்த உங்கள் அறிக்கையில் நான்கு வாக்கியங்கள் இருந்தன. வீரரின் விருப்பத்தை மதித்ததாக ஒன்று, கிளப்பின் நீண்டகால நலனைக் கருதியதாக ஒன்று, அவருடைய உழைப்புக்கு நன்றி சொல்லி ஒன்று, எதிர்காலம் சிறக்க வாழ்த்தி ஒன்று. ஏன் அந்த அணிக்கு, ஏன் இந்த நேரத்தில் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த நான்கில் எதுவும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நல்ல வீரரை ஒருபோதும் விற்கக் கூடாது என்று சொல்பவர்களோடு நான் சேர்ந்தவர் அல்ல. ஆட்டக்காரர் ஒரு தொழிலாளி. ஒப்பந்தம் முடிந்தால் அவர் தம் விருப்பப்படி வேறு கிளப்புக்குப் போகலாம் என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று போஸ்மன் வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதங்களில் வேறு கிளப்போடு பேசி, முன்கூட்டியே கையெழுத்திடவும் உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் விதிகள் இடம் தருகின்றன. இந்த நடைமுறை பழகிய தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, விற்பனை நடந்ததில் வருத்தம் உண்டே தவிர, குறை சொல்ல எதுவும் இல்லை. வாங்கியவர் யார், விற்ற நேரம் எது, அதை எங்களிடமிருந்து மறைத்த விதம் என்ன என்பவற்றில்தான் என் குறை இருக்கிறது.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து ரசிகர்களிடையே நடக்கும் வாதங்கள் உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். பணத்துக்காகப் போன துரோகி என்று வீரரைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருட ஒப்பந்தமே மிச்சமிருந்த வீரருக்கு இவ்வளவு தொகை கிடைத்தது சாமர்த்தியம் என்று உங்களுக்காக வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கை நீங்கள் அஞ்சும் அளவுக்குக் குறைவானதல்ல, அவர்கள் சொல்வதில் நியாயமும் இல்லாமல் இல்லை. எங்கு வேண்டுமானாலும் போகட்டும், அங்கே மட்டும் கூடாது என்பவர்கள் மூன்றாம் தரப்பு. பல ஆண்டுகளாக அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்து ஆட்டம் பார்த்தவர்கள் இதனால் பேச்சு நின்று போயிருப்பதை நான் அறிவேன். இந்த எல்லாத் தரப்புக்கும் நான் பிரதிநிதி அல்ல. ஆனால் உங்களுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள்கூட, சீசன் டிக்கெட் விஷயம் வந்ததும் வாயடைத்துப் போகிறார்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லி நீங்கள் எங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களில் யாருடைய படம் இருந்தது என்பதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புதிய ஜெர்சியை அணிந்து, கைகட்டி நின்று, வரும் சீசனில் சந்திப்போம் என்று எங்களை அழைத்தது நீங்கள் விற்ற அதே எட்டாம் எண் வீரர்தான். புதுப்பிக்கும் கடைசி நாள் கடந்தது. அந்த வாரம் முடிவதற்குள் விற்பனை அறிவிப்பு வந்தது. இவ்வளவு பெரிய டிரான்ஸ்பர் ஒரு வாரத்தில் பேசி முடிகிற காரியம் அல்ல என்பது கால்பந்தைத் தொடர்ந்து கவனிக்கும் எவருக்கும் தெரியும்: இரு கிளப்புகளும் தொகையையும் தவணைகளையும் பேச வேண்டும், வீரர் தம் சம்பளத்தைப் பேச வேண்டும், ஏஜென்டுக்கான கட்டணம் முடிவாக வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். அவர் படத்தைப் போட்டு எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில், அவரை அனுப்பும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது என்று நான் முடிவு செய்தால் அதில் தவறு இருக்கிறதா? இருந்தால் தேதிகளோடு மறுத்துச் சொல்லுங்கள். நான் வெளிப்படையாக ஏற்றுக்கொள்கிறேன்.

ஜெர்சியும் அப்படியே. என் மகள் தன் சேமிப்பில் வாங்கிய புதிய ஜெர்சியின் முதுகில் அவர் பெயரும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கின்றன. கிளப் கடையில் அதை மாற்றித் தர முடியுமா என்று கேட்டபோது, பெயர் அச்சிட்ட ஜெர்சிகளைத் திரும்பப் பெறுவதில்லை என்று விதியைக் காட்டினார்கள். கடையில் நின்ற அந்த இளைஞரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் எங்களைப் போலவே அன்று காலையில்தான் செய்தி தெரிந்திருந்தது. ஆனால் இன்னும் சில நாட்களில் போகப் போகிற வீரரின் பெயரை அச்சிட்டு விற்க அனுமதித்தவர்கள் உங்களில் யாரோ இருக்கிறார்கள்.

இனி, வாங்கியவர் யார் என்பதற்கு வருகிறேன். வீரரை வேறு நாட்டு லீக்குக்கு விற்றால் நம் அணியின் பலம் அவர் அளவுக்குக் குறையும். அதோடு கணக்கு முடிந்தது. நேர் போட்டியாளருக்கு விற்றால் நம்மிடம் குறைவது அவர்களிடம் கூடுகிறது. அவர்களோடு நாம் சீசனில் இருமுறை மோதுகிறோம். அந்த ஒவ்வொரு ஆட்டத்திலும், நமக்கு 3 புள்ளி வருவதற்குப் பதிலாக அவர்களுக்கு 3 புள்ளி போனால், பட்டியலில் இடைவெளி 6 புள்ளி மாறுகிறது. எத்தனையோ பட்டங்கள் இதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் கைமாறியிருக்கின்றன. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் விலையைப் பேசும்போது இந்த வித்தியாசத்தை யாராவது மேசையில் வைத்தார்களா என்பதே என் ஐயம். ஏனெனில் வெளிநாட்டு கிளப் ஒன்றும் அவரைக் கேட்டது, தொகை மட்டும் சற்றுக் குறைவு என்று உங்கள் விளையாட்டு இயக்குநரே பேட்டியில் சொன்னார். அந்தச் சற்று அதிகமான தொகைக்காக நாம் எதிரணிக்குக் கொடுத்தது ஒரு வீரரை மட்டுமல்ல. நம் பயிற்சியாளர் எந்த நேரத்தில் எந்த மாற்றத்தைச் செய்வார், நம் தற்காப்பு வீரர்களில் யார் இடது காலுக்குத் தள்ளப்பட்டால் தடுமாறுவார், கார்னர் உதைகளில் யார் யாரைக் காக்கிறார்கள் என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருக்கிறது.

இப்படிப்பட்ட விற்பனைகள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. 1991-92 சீசனில் லீட்ஸ் யுனைடெட் இங்கிலாந்தின் சாம்பியன். மான்செஸ்டர் யுனைடெட் இரண்டாமிடம். அடுத்த நவம்பரிலேயே எரிக் கான்டோனாவை வெறும் 12 லட்சம் பவுண்டுக்கு மான்செஸ்டருக்கே விற்றது லீட்ஸ். அந்த சீசன் முடிந்தபோது மான்செஸ்டர் 26 ஆண்டுகளாகக் காத்திருந்த லீக் பட்டத்தை வென்றிருந்தது. நடப்பு சாம்பியனாகத் தொடங்கிய லீட்ஸ் 17-ஆம் இடத்தில் முடித்தது. அந்தச் சரிவுக்கு அந்த ஒரு விற்பனை மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மான்செஸ்டரின் ஏற்றத்தில் கான்டோனாவுக்குப் பங்கில்லை என்று நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

2012-இல் ஆர்சனல் செய்ததை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் நிலைமையும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். ராபின் வான் பெர்சி முந்தைய சீசனில் 30 லீக் கோல்கள் அடித்து முதலிடத்தில் இருந்தவர், அணித் தலைவர், ஒப்பந்தத்தில் ஒரு வருடம் பாக்கி, புதுப்பிக்கப் போவதில்லை என்று அவரே வெளிப்படையாக அறிவித்துவிட்டார். சுமார் 2.4 கோடி பவுண்டுக்கு அவரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். முந்தைய சீசனில் கோல் வித்தியாசத்தில் மட்டுமே பட்டத்தைத் தவறவிட்ட அணி அது. அங்கே போய் அவர் 26 லீக் கோல்கள் அடித்தார். பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். அடுத்த வாரம் மான்செஸ்டர் அணி ஆர்சனலின் மைதானத்துக்கு வந்தபோது, ஆர்சனல் வீரர்கள் இருபுறமும் வரிசையாக நின்று, கைதட்டி, புதிய சாம்பியன்களை உள்ளே வரவேற்க வேண்டியிருந்தது. அந்த வரிசைக்கு நடுவே நடந்து வந்தவர்களில் வான் பெர்சியும் ஒருவர். அன்றும் அவர் ஒரு கோல் அடித்தார். கிடைத்த 2.4 கோடி பவுண்டு அன்றைக்கு ஆர்சனல் ரசிகர்களுக்கு எந்த ஆறுதலைத் தந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனியில் டார்ட்மண்ட் 2011-இலும் 2012-இலும் தொடர்ந்து சாம்பியன். 2013-இல் மரியோ கோட்சே, ஒப்பந்தத்தில் இருந்த 3.7 கோடி யூரோ விடுவிப்புத் தொகையை (யார் அதைக் கட்டினாலும் கிளப் மறுக்க முடியாது) கட்டிய பேயர்ன் மியூனிக்குக்குப் போகிறார் என்ற செய்தி, ரியல் மாட்ரிட்டோடு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடுவதற்கு முதல் நாள் வெளியானது. மறு ஆண்டு லெவன்டோவ்ஸ்கி ஒப்பந்தம் முடிந்து, ஒரு யூரோகூட வராமல், அதே பேயர்னுக்குப் போனார். 2016-இல் ஹம்மல்ஸும் அங்கேயே. பேயர்ன் 2013 முதல் 2023 வரை ஒரு வருடம் விடாமல் 11 பட்டங்களை அள்ளியது. லெவன்டோவ்ஸ்கியின் கதையை நீங்கள் உங்களுக்குச் சாதகமாகக் காட்டலாம்: பார்த்தீர்களா, விற்காமல் வைத்திருந்தால் சும்மா போய்விடுவார் என்று. உண்மைதான். அந்தக் கடைசி வருடத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்வதற்காக டார்ட்மண்ட் தெரிந்தே கொடுத்த விலை அது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2013 கோடையில் லிவர்பூல் வீரர் லூயிஸ் சுவாரஸுக்காக 4 கோடி பவுண்டும் அதன்மேல் ஒரே ஒரு பவுண்டும் சேர்த்துத் தர முன்வந்தது ஆர்சனல். சுவாரஸும் போக விரும்பினார், வெளிப்படையாகவே பேசினார். லிவர்பூல் நிர்வாகம் மறுத்தது. அந்த சீசனில் அவர் 31 லீக் கோல்கள் அடித்தார், பட்டம் 2 புள்ளிகளில் கைநழுவியது. அடுத்த கோடையில் 6 கோடி பவுண்டுக்கும் மேல் பெற்றுக்கொண்டு, வேறு நாட்டு லீக்கில் ஆடும் பார்சிலோனாவுக்கு அவரை அனுப்பினார்கள். ஹாரி கேன் 2021-இல் மான்செஸ்டர் சிட்டிக்குப் போக ஆசைப்பட்டார், டாட்டன்ஹாம் விடவில்லை. 2023-இல், ஒப்பந்தத்தில் ஒரு வருடமே இருந்த நிலையில், சுமார் 10 கோடி யூரோவுக்கு பேயர்னுக்கு விற்றது. ஒரு வருடம் மட்டும் பாக்கி, வேறு வழியில்லை என்ற உங்கள் வாதத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டாவது உதாரணத்தைப் படித்துப் பாருங்கள். இந்த நிர்வாகங்களும் பணத்தைக் கணக்குப் பார்ப்பவைதான், ரசிகர்களுக்காக உருகுகிறவை அல்ல. அவையே வாங்குபவரைத் தேர்ந்தெடுப்பதும் விற்பனையின் ஒரு பகுதி என்று நடந்துகொண்டன.

வீரரின் விருப்பம் என்கிறீர்கள். அவர் அந்த அணியைத்தான் விரும்பினார், வெளிநாடு வேண்டாம் என்றார் என்றால், அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, சொல்லுங்கள். ஆனால் ஒப்பந்தம் இருக்கும்வரை, விருப்பம் தெரிவிக்கும் உரிமை அவருக்கு இருப்பதுபோல, மறுக்கும் அதிகாரம் உங்களுக்கு இருந்தது. 2016-இல் ஹிகுவாயின் நபோலியிலிருந்து யுவென்டஸுக்குப் போனபோது நபோலியால் மறுக்க முடியவில்லை; ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகையை, சுமார் 9 கோடி யூரோவை, யுவென்டஸ் கட்டிவிட்டது. ஒரே சீசனில் 36 கோல்கள் அடித்து இத்தாலிய லீக்கின் சாதனையை முறியடித்த வீரர் அவர். போன சில மாதங்களில் நபோலிக்கு எதிராகவே வெற்றி கோலை அடித்தார். அங்கே தவறு நடந்திருந்தால் அது கையெழுத்துப் போட்ட நாளில் நடந்தது. நம் எட்டாம் எண் வீரரின் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விடுவிப்புத் தொகை இல்லை என்று நீங்களே முன்பு சொல்லியிருக்கிறீர்கள். ஆக, இந்த விற்பனையில் யாரும் உங்கள் கையை முறுக்கவில்லை.

ஒரு வருடம் மட்டும் பாக்கி என்ற நிலைமைக்கு வந்தது எப்படி என்பதையும் கேட்டாக வேண்டும். இரண்டு வருடம் இருந்தபோது, ரசிகர் மன்றக் கூட்டத்தில் இதே கேள்வியை எழுப்பினோம். பேச்சுவார்த்தை நல்ல முறையில் போகிறது, கவலை வேண்டாம் என்று மேடையில் இருந்து பதில் வந்தது. அதன்பின் காயத்திலிருந்து மீண்டு அவர் தம் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடினார். அவருடைய மதிப்பு ஏறியது. நீங்கள் பழைய தொகையிலேயே நின்றீர்கள் என்று செய்திகள் வந்தன. மறுக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. காலத்தை ஓடவிட்டவர்கள், காலம் ஓடிவிட்டதைக் காரணமாகக் காட்டுவதை எப்படி ஏற்பது?

அடுத்து, நிதி விதிகள். இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏவின் விதிப்படி, வீரர்களின் சம்பளம், டிரான்ஸ்பர் செலவு, ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பல லீக்குகள் நஷ்டத்துக்கும் வரம்பு வைத்திருக்கின்றன. இந்த விதிகளின் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. விலைக்கு வாங்கிய வீரரின் தொகை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதப்படுகிறது. அவரை விற்றால் எழுதாமல் மிச்சமிருக்கும் தொகை போக வருவதுதான் லாபம். அகாடமியில் வளர்ந்த வீரருக்குக் கணக்குப் புத்தகத்தில் விலையே கிடையாது. ஆகவே அவரை விற்றால் வரும் தொகை முழுவதும் லாபமாக ஏறுகிறது. கணக்கர் கண்ணுக்கு, விற்பதற்கு மிக லாபமான வீரர் நாம் வளர்த்த பிள்ளைதான். இந்த விதிகளை எழுதியவர்கள் அகாடமிகளை ஊக்குவிக்க நினைத்து எழுதியிருக்கலாம். நடைமுறையில் கிளப்புகள் சொந்தப் பிள்ளைகளை விற்க அது தூண்டுகிறது. ஆனால் நம் கிளப் அந்த வரம்பை மீறும் நிலையில் இருந்ததா, எவ்வளவு தொகை தேவைப்பட்டது, அந்தத் தொகையை வேறு வழியில் திரட்ட முடியாதா என்பதை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. சென்ற ஆண்டறிக்கையில் நிதிநிலை உறுதியாக இருப்பதாகத்தான் எழுதியிருந்தீர்கள். உறுதியாக இருந்தது என்பது உண்மையா, விற்றே தீர வேண்டியிருந்தது என்பது உண்மையா? இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

வந்த பணத்தில் நல்ல வீரர்களை வாங்கலாம் என்கிறார்கள். வாங்கலாம். 2018 ஜனவரியில் கூட்டின்யோவை பார்சிலோனாவுக்கு விற்ற லிவர்பூல், அதே மாதம் வான் டைக்கையும், அந்தக் கோடையில் கோல்கீப்பர் அலிசனையும் சேர்த்துக்கொண்டு 2019-இல் சாம்பியன்ஸ் லீக்கையும் 2020-இல் லீக்கையும் வென்றது. இதைச் சொல்லிக்காட்டும் உங்கள் ஆதரவாளர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள்: கூட்டின்யோ லிவர்பூலின் நேர் போட்டியாளரிடம் போகவில்லை, எந்த இடத்துக்கு யார் வேண்டும் என்பதை லிவர்பூல் முன்பே முடிவு செய்து வைத்திருந்தது. நம்மிடம் இந்த மடலை எழுதும் இன்றுவரை மாற்று நடுக்கள வீரர் வரவில்லை. நம் கையில் பெரிய தொகை இருக்கிறது என்பது இப்போது விற்கும் எல்லா கிளப்புகளுக்கும் தெரியும். கேட்கும் விலை ஏறத்தான் செய்யும். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதையைச் சொல்லுவார்கள். நாம் கண்ணை விற்றாயிற்று, சித்திரத்துக்கு இன்னும் முன்பணம்கூடக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அறிவிப்புக்குப் பின் வந்த செய்திகளில், கிளப்புக்கு நெருக்கமான வட்டாரங்கள் என்ற போர்வையில், அவர் பயிற்சிக்கு வர மறுத்தார், ஏஜென்ட் மிரட்டினார் என்றெல்லாம் கசியவிடப்படுகிறது. கோபத்தை உங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் திருப்ப இது வசதியான வழி. அது எங்கே முடியும் என்பதும் நமக்குத் தெரியும். 2000-இல் பார்சிலோனாவிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்குப் போன லூயிஸ் ஃபிகோ, 2002 நவம்பரில் பழைய மைதானத்தில் கார்னர் உதைக்கப் போனபோது பாட்டில்களும் பன்றித் தலையும் வந்து விழுந்தன. ஆட்டத்தையே சிறிது நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. 1990-இல் ராபர்டோ பாஜியோவை ஃபியோரென்டினா யுவென்டஸுக்கு விற்றபோது ஃபுளோரன்ஸ் தெருக்களில் கலவரம் நடந்து பலர் காயமடைந்தார்கள். மறு ஆண்டு அதே மைதானத்துக்கு வந்த பாஜியோ பழைய அணிக்கு எதிராக பெனால்டி உதைக்க மறுத்ததும், வெளியேறும்போது விழுந்த ஃபியோரென்டினா துண்டைக் குனிந்து எடுத்ததும், விற்பனையைத் தீர்மானித்தவர் எப்போதும் வீரர் மட்டுமல்ல என்பதைப் புரியவைத்திருக்க வேண்டும்.

சக ரசிகர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை: அவருடைய மனைவியின் சமூக ஊடகப் பக்கத்தில் போய் எழுதப்படும் வசவுகளுக்கும் கிளப்பின் மேல் உள்ள அன்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் எதிரணியின் சட்டையில் நம் மைதானத்துக்கு வருவார். நமக்கு எதிராக ஆடக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நிரந்தர டிரான்ஸ்பரில் அப்படி ஒரு நிபந்தனைக்கு ஃபிஃபாவின் விதிகளில் இடமில்லை. ஆகவே அவர் ஆடத்தான் செய்வார். கூச்சலிடுங்கள், அது ஆட்டத்தோடு சேர்ந்தது. அதற்குமேல் போக வேண்டாம்.

எங்கள் கருத்தைக் கேட்டு ஆவதென்ன என்று நீங்கள் நினைக்கக்கூடும். 2021 ஏப்ரல் 18 அன்று 12 பெரிய கிளப்புகள் சேர்ந்து ஐரோப்பிய சூப்பர் லீக் என்று அறிவித்தன; ரசிகர்கள் மைதானங்களுக்கு வெளியே திரண்டதும் இரண்டே நாளில் ஆறு ஆங்கிலேய கிளப்புகளும் விலகிக்கொண்டன. ஜெர்மனியில் 50+1 விதியின்படி, பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களிடமே இருக்கிறது. பார்சிலோனாவிலும் ரியல் மாட்ரிட்டிலும் தலைவரைத் தேர்ந்தெடுப்பதே உறுப்பினர்கள்தான். (ஃபிகோவை மாட்ரிட்டுக்குக் கொண்டுவந்ததே அப்படியொரு தேர்தல் வாக்குறுதிதான் என்பதால், உறுப்பினர் வாக்கு எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை.) ஒவ்வொரு டிரான்ஸ்பருக்கும் எங்களிடம் வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று கேட்பது அசட்டுத்தனம், பேச்சுவார்த்தைக்கு ரகசியம் தேவை என்பது எங்களுக்கும் புரியும். ரகசியம் காப்பது வேறு. போகப் போகிறவரின் முகத்தைக் காட்டி விற்பனை செய்வது வேறு.

எனவே, உங்களிடம் நான் கேட்பவை இவை. முதலாவதாக, இந்த விற்பனைக்கான பேச்சு எந்தத் தேதியில் தொடங்கியது, சீசன் டிக்கெட் புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தபோது அது எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். அந்த நாட்களில் புதுப்பித்தவர்களில் யார் விரும்பினாலும் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். நான் திருப்பிக் கேட்கப் போவதில்லை, ஆனால் கேட்கிறவருக்குக் கிடைக்க வேண்டும். அவர் பெயர் அச்சிட்ட இந்த சீசன் ஜெர்சிகளைக் கட்டணமின்றி மாற்றித் தரும்படி கிளப் கடைக்கு இன்றே உத்தரவிடுங்கள்.

அதைவிட முக்கியமாக, வெளிநாட்டு கிளப் தர முன்வந்த தொகைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், அதை ஏன் மறுத்தீர்கள், நிதி விதிகள் காரணம் என்றால் எவ்வளவு பற்றாக்குறை என்பதைச் சொல்லுங்கள். தொகை தவணையில் வருகிறதா, அவரை அந்த அணி நாளை வேறொருவருக்கு விற்றால் லாபத்தில் நமக்குப் பங்கு உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வந்த பணத்தில் எவ்வளவு அணிக்கும் எவ்வளவு அகாடமிக்கும் போகிறது என்பதை டிரான்ஸ்பர் காலம் முடிந்த பிறகாவது கணக்காக வெளியிடுங்கள்.

இனி வரும் காலத்துக்கும் ஒரு கொள்கையை நிர்வாகக் குழுத் தீர்மானமாக எழுதி வையுங்கள்: அணியின் முக்கிய வீரர்களின் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குக் கீழே இறங்குவதற்கு முன் புதுப்பிப்பது அல்லது விற்பது என்று முடிவெடுக்க வேண்டும்; நேர் போட்டியாளருக்கு விற்பதாக இருந்தால் முழு நிர்வாகக் குழுவும் கையெழுத்திட்டு, காரணத்தை அன்றே வெளியிட வேண்டும்; விற்பனைப் பேச்சில் இருக்கும் எந்த வீரரின் படத்தையும் டிக்கெட்டுக்கோ ஜெர்சிக்கோ விளம்பரமாகப் பயன்படுத்தக் கூடாது. வீரரைப் பற்றிய கசிவுகளை உடனே நிறுத்துங்கள். அவர் ஒப்பந்தத்தை மீறினார் என்றால் உங்கள் பெயரில் வெளிப்படையாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்தச் செய்திகளை மறுத்து அறிக்கை விடுங்கள்.

இவற்றுக்கான பதிலை, சொந்த மைதானத்தில் நடக்கும் முதல் ஆட்டத்துக்கு முன், ரசிகர் மன்றங்கள் எல்லாவற்றையும் அழைத்து ஒரு திறந்த கூட்டத்தில் தலைவரே வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டு இயக்குநரையோ செய்தித் தொடர்பாளரையோ மட்டும் அனுப்பி முடித்துவிட வேண்டாம். கேள்விகளை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லாமல், அரங்கில் எழுந்து நிற்பவர் கேட்பதற்கு அங்கேயே பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வடக்குக் கேலரியின் சீசன் டிக்கெட் ரசிகர்களில் ஒருவர்